ஐயாமாருக்கு ஒரு பொன்னாடை

ஜொகூர் பாருவில் தமிழ்க் கலை இன்னும் மூச்சுவிடுகிறதென்றால் அந்தப் புண்ணியம் முழுக்க நம் ஐயாமாரையே சேரும். மாசாயிலும் ஸ்கூடாயிலும் பரதம் சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியை, காரோட்டிக் கொண்டுபோய் விடுபவர் அம்மா, ஆடுவது மகள். இவையெல்லாம் சில்லறை வேலைகள். கனமானது சங்கத் தலைவர் நாற்காலி. அதை ஐயாமார் தனியாளாய்ச் சுமக்கிறார்கள், இறக்கி வையுங்கள் என்று எவ்வளவு கெஞ்சினாலும் கேளாமல்.

ஒரு விழா நாளில் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஆறுக்கே மை தீட்டி, சலங்கை கட்டி நிற்கிறார்கள் பிள்ளைகள். உட்கார்ந்தால் விசிறி மடிப்பு கசங்கிவிடும். ஓர் அம்மா வாயில் நாலு ஊக்கைக் கவ்வியபடி யாருடைய தாவணியையோ சரிசெய்கிறார். முன்பக்கம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை. குத்துவிளக்கைத் துலக்கி, திரி திரித்து, எண்ணெய் ஊற்றி, தட்டேந்தி நிற்கவே பெண்களுக்கு அனுமதி. நெருப்போடு விளையாடும் ஆபத்தை டத்தோ ஏற்றுக்கொள்கிறார். ஒன்பது மணிக்கு, நேரமின்மை காரணமாக அரைமணி நேர வர்ணம் பத்து நிமிடமாகக் குறைகிறது. கலையை இவ்வளவு சுருங்கச் சொல்ல வேறு யாரால் முடியும்?

தைப்பூசத்தில் உறுமி அடிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு பெண்பிள்ளை தோளில் மாட்டப் பார்த்தால், "உனக்குக் கை நோகும்மா" என்று எத்தனை வாஞ்சையோடு சொல்கிறார்கள்! பால்குடம் தூக்கினால் அந்தக் கை நோகாது. அது வேறு கை. இதே ஊர் ஃபூன் இயூ பள்ளியில் 1988-இல் சீனர்கள் 24 முரசுகளை வைத்து ஒரு கலையையே உண்டாக்கினார்கள். இன்று சீனப் பெண்பிள்ளைகளும் அந்த முரசுகளை வெளுத்து வாங்குகிறார்கள். பெற்றவர்களுக்கு மகள்களின் மணிக்கட்டைப் பற்றி அக்கறை கம்மி போலிருக்கிறது. ஜொகூருக்கே அடையாளமான ஸாப்பினும் ஆண்களின் ஆட்டமாய் இருந்ததுதான். மலாய்க்காரர்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவசரம்.

நிதானத்துக்கு நம்மிடம் நல்ல முன்னோர் உண்டு. சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. சங்கீத கலாநிதி பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் போய்ச் சேர்ந்தது 1968-இல். நாற்பது வருசம் ஆற அமர யோசித்திருக்கிறார்கள். பெண்கள் பாடினால் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்று நெடுநாள் விரதம் காத்த மிருதங்க மேதைகளும் இருந்தார்கள். ஆனாலும் வெள்ளைக்காரனை மிஞ்ச முடியவில்லை. 1842-இல் பிறந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, ஒரு பெண்ணை முறைப்படி உறுப்பினராக்கியது 1997-இல். 155 வருசம்! நம் செயற்குழுக்கள் இந்தச் சாதனையை முறியடிக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

அரங்கத்து நாற்காலிகளைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மையில் மட்டும் உலகமே ஒன்று. அமெரிக்கக் கணக்கெடுப்புகளிலும் நாடகம், பாலே பார்ப்பதிலும் நாவல் படிப்பதிலும் பெண்களே கூடுதல். நம் மண்டபத்திலும் அப்படித்தான். மாலை விழுகிற முன்வரிசை மட்டும் விலக்கு.

மகன்களையும் ஐயாமார் கைவிடவில்லை. ஆட ஆசைப்பட்டு வகுப்பு வாசலில் நிற்கும் பையனைக் கையோடு ஃபுட்சாலுக்கு அனுப்பி, ஊர்ச்சிரிப்பிலிருந்து காப்பாற்றிவிடுகிறார்கள். வழுவூர் ராமையா பிள்ளை போன்ற ஆண்கள் ஆட்டுவித்து வளர்த்த கலைதான் பரதம். கோலாலம்பூரில் ரம்லி இப்ராஹிம் 1983-இல் சூத்ரா நாட்டியக் குழுவைத் தொடங்கி, ஒடிசி ஆடியே உலகம் சுற்றினார். அவர் வீட்டுப் பக்கம் நம் ஐயா ஒருவர் இருந்திருந்தால் இந்த அசம்பாவிதத்தைத் தடுத்திருக்கலாம்.

வரும் மகளிர் தினத்துக்கு "கலையில் பெண்" என்று கருத்தரங்கம் வைக்கலாம் என்கிறார்கள். நான்கு பேச்சாளர்களும் ஐயாமார்தான். மகளிர் பிரிவையும் மறந்துவிடவில்லை. மீகூனும் கேசரியும் அவர்கள் பொறுப்பு. நூறு பேருக்கு, ஆறரைக்குள் சூடாக.