சுவாமி ஊரில் இல்லை

அறுபது வயது பூர்த்தியாகி, திருக்கடையூரில் சாஸ்திரோக்தமாகக் கலச தீர்த்தம் தலையில் கொட்டப்பெற்ற ஒருவன், மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சந்நிதியில் ஆயுளுக்கு உத்தரவாதம் வாங்கிவிட்டோம் என்னும் மமதையில், அந்தத் தை மாதமே இமயமலையில் தன்னந்தனியாகப் பனியேறப் புறப்பட்டானென்றால், அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை என் மனைவி அன்றே தீர்மானித்துவிட்டாள். அதை இங்கே எழுதுவது உசிதமன்று.

உத்தரகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாதர் கோயிலுக்கு நாலு கிலோமீட்டர்கூட இராது. மெரினாவில் தினம் இதைவிட அதிகம் நடக்கிறேனே என்று கணக்குப் போட்ட நான், அந்தத் தூரத்துக்குள் பாதை ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆகாயத்தை நோக்கிப் போவதையும், 3,680 மீட்டர் உயரத்துக் கோயில் வாசலில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடிவாரத்து டீக்கடைக்காரர் என் குரங்குக் குல்லாயைப் பார்த்து, “பாபா நீச்சே” என்றார். பரீட்சைக்காக என்றோ படித்த என் ஹிந்திக்கு, ‘கிழவா, கீழே இறங்கு’ என்று அர்த்தமாயிற்று. ரோஷத்தில் இரண்டு மடங்கு வேகமாக ஏறினேன், முதல் வளைவு வரையில்.

இராக்குளிரில் இறுகிப்போன பனியின் மேல்தோடு காலையில் என்னைத் தாங்கிற்று. பெரியதோர் அப்பளத்தின்மேல் நொறுக்காமல் நடப்பது போன்ற விசித்திர அநுபவம். நின்றால் என் இருதயம் அடித்துக்கொள்வதைத் தவிர வேறு சப்தமில்லை. சௌகம்பாவின் சிகரங்கள், கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டிகளைப்போல் விறைப்பாக வெயிலில் நின்றன. உவமை மட்டந்தான், மூச்சு வாங்குகிறவனுக்கு அதற்குமேல் வராது.

கோயிலில் கதவு பூட்டியிருந்தது. குருக்கள் இல்லை, காக்கை இல்லை. வாசலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அது செங்கல்லாக மாறியிருந்தது; அதில் பதிந்திருந்த வேர்க்கடலை ஒன்று, என் சொந்தப் பற்களில் எஞ்சியிருந்தவற்றுள் ஒன்றைக் காணிக்கையாகக் கேட்டது.

இறங்கும்போது வெயிலில் அப்பளம் நமுத்துவிட்டிருந்தது. வலது கால் தொடை வரையில் உள்ளே போயிற்று. அதை மீட்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போயிற்று. நவரத்தினங்களையும் உடம்பில் பதித்துக்கொண்டாற்போன்ற மோனால் பறவை ஒன்று, பனியைக் கிளறிக் கிழங்கு தேடிக்கொண்டிருந்தது, ஒரு கணம் என்னைப் பரிசீலித்துவிட்டு, ‘இது கிழங்கன்று’ என்று தெளிந்து தன் காரியத்தைத் தொடர்ந்தது.

பொழுது சாயும் சமயம் டீக்கடையை அடைந்தேன். புளியோதரையை அடுப்பில் இளகவைத்தபடியே கடைக்காரர் விஷயத்தை நிதானமாக விளக்கினார். பாபா என்றது என்னையன்று, துங்கநாதரை. குளிர்காலம் வந்தால் நடை சாத்தி, சுவாமியைக் கீழே மக்கூமடத்துக்கு எழுந்தருளப்பண்ணிவிடுவார்களாம். அங்கே எந்தக் கோயிலில் என்று கேட்டேன்.

“மார்க்கண்டேயர் கோயிலில்.”

மக்கூமடத்துக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். வழி முழுவதும் இறக்கந்தானா என்பதை, இந்தத் தடவை, மூன்று முறை கேட்டுக்கொண்டேன்.