இரண்டாம் முறையும் தூக்கில் போட்டார்கள்

ஸ்வான்சியின் பழைய காலத்து வரைபடத்தை விரித்தால் நட்டநடுவே ஒரு கோட்டை. தென்வேல்ஸில் டாவே ஆறு கடலில் கலக்கும் இடத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹென்றி டி போமான்ட் என்ற நார்மன் பிரபு எழுப்பியது. வேல்ஸ்காரர்கள் அடங்கி நடக்க வேண்டும் என்பது கோட்டையின் நோக்கம். அவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 1116இல் வந்து வெளிக்கோட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். நார்மன்கள் மறுபடி கட்டினார்கள். இவர்கள் மறுபடி வந்தார்கள்.

ஊருக்கு வெளியே, கோட்டையிலிருந்து பார்த்தால் தெரிகிற மேட்டில், தூக்குமரம். 1290இல் வில்லியம் கிராக் என்ற கலகக்காரனை அங்கே ஏற்றினார்கள். 13 பேரைக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. பிரபு வில்லியம் டி பிரியோஸின் மனைவி மேரி அம்மாள் உயிர்ப்பிச்சை கேட்டுக் கெஞ்சிப் பார்த்தார், ஐயா மசியவில்லை. கூடவே ட்ராஹெர்ன் என்றொருவனையும் மாட்டினார்கள். பாரம் தாங்காமல் உத்தரம் முறிந்தது. டெண்டர் எடுத்தவன் மரத்தில் கை வைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் செத்தாயிற்று என்றே தோன்றியது. ஆனாலும் கிராக்கை மட்டும் மறுபடி தூக்கிக் கட்டினார்கள். சர்க்கார் காரியத்தில் அரைகுறை கூடாதல்லவா?

பிறகு இறக்கி, ஊருக்குள் ஒரு வீட்டில் கிடத்தினார்கள். விழி பிதுங்கி, நாக்கு கறுத்து வெளியே தொங்கியது. அரண்மனைப் பெண் ஒருத்தி நூலை எடுத்து, துணிக்கடைக்காரர் மாதிரி, பிணத்தைத் தலைமுதல் கால்வரை அளந்தாள். ஹெரிஃபோர்டில் அடக்கமான பிஷப் தாமஸ் டி காண்டலூப்பை வேண்டிக்கொண்டு, அந்த நூலையே திரியாக்கி மெழுகுவத்தி ஏற்றுவது அந்தக் காலத்து நேர்த்தி. பிணம் நாக்கை அசைத்தது. அப்புறம் காலை. சில நாளில் எழுந்து உட்கார்ந்து, தன்னைத் தூக்கில் போட்ட பிரபு தம்பதியோடே ஹெரிஃபோர்டுக்கு யாத்திரையும் போனது. 1307இல் போப்பாண்டவரின் விசாரணைக் குழு வந்தபோது, செத்தவனே ஆஜராகிச் சாட்சி சொன்னான். 1320இல் காண்டலூப்புக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. உத்தரம் செய்த தச்சனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த நானூறு வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1674இல் இங்கே பிறந்த போ நாஷ், பாத் நகரத்துக்குப் போய், சீமான்கள் எப்படி உடுத்த வேண்டும், எப்படி ஆட வேண்டும் என்று சட்டம் போட்டார். அது ஊரை விட்டுப் போனவரின் கதை.

1717இல் ஆற்றோரம் லாண்டோரில் செம்பு உருக்கும் முதல் ஆலை வந்தது. செம்புத்தாது இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், கார்ன்வாலில். ஆனால் உருக்குவதற்குத் தாதுவைவிடப் பல மடங்கு நிலக்கரி வேண்டும். கரி இருந்தது ஸ்வான்சியில். எனவே தாது கரியைத் தேடி வந்தது. பிறகு கியூபாவிலிருந்தும், ஹார்ன் முனையைச் சுற்றிச் சிலியிலிருந்தும்கூட வந்தது. இதே காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கடல்குளியலுக்கு வாருங்கள், இதுதான் வேல்ஸின் பிரைட்டன் என்று சீமான்களுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார்கள். குளித்து எழுந்து மூச்சை இழுத்தால் கந்தகம்.

கில்வே குன்றில் புல் செத்தது. மாடுகளுக்கு மூட்டு வீங்கிக் கால் விந்தியது. விவசாயிகள் ஹாஃபாட் ஆலையின் விவியன் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 1833இல் ஜூரி விவியன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. புகை உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று அடித்துச் சொல்ல டாக்டர்களும் கிடைத்தார்கள். முதலாளி ஜான் ஹென்றி விவியனின் மாளிகை சிங்கிள்டனில், ஊருக்கு மேற்கே. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். புகை கிழக்கே போய்விடும். புகையை ஒழிக்க வழி சொல்பவருக்கு 1,000 பவுண்டு பரிசு என்றும் அறிவித்தார்கள். டேவி, ஃபாரடே போன்ற மேதைகளையே கேட்டுப் பார்த்தும் அடங்காத புகை, 1860களில் அதிலிருந்து கந்தக அமிலம் எடுத்து விற்கலாம் என்று தெரிந்ததும் கொஞ்சம் அடங்கியது.

1865இல் கியூபாவிலிருந்து செம்புத்தாதோடு வந்த ஹெக்லா கப்பல், கொசுவையும் ஏற்றி வந்தது. மஞ்சள் காய்ச்சலில் 15 பேராவது இறந்தார்கள். அதற்கும் புகைதான் மருந்து என்று யாராவது சொன்னார்களா தெரியாது; சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை.

கப்பல்கள் பெருகவே, ஆற்றுக்குப் புதிதாகக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டு, பழைய படுகையை 1852இல் வடக்குத் துறையாக்கினார்கள். அப்புறம் அந்தத் துறையையும் தூர்த்துவிட்டார்கள். கரையோரச் சாலையான ஸ்ட்ராண்டு மட்டும், ஆறு கைவிட்டுப் போன பிறகும், அதே பெயரோடு அங்கேயே கிடக்கிறது.

உலகத்திலேயே முதன்முதலாகக் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிய ரயிலும் இந்த ஊருடையதுதான்: மம்பிள்ஸ் ரயில், 1807. இழுத்தது குதிரை. அந்த வருஷமே பாய் கட்டிக் காற்றில் ஓட்டியும் பார்த்தார்கள். பிறகு நீராவி, பிறகு மின்சாரம். எல்லாவற்றையும் தாக்குப்பிடித்த ரயிலை 1958இல் ஒரு பஸ் கம்பெனி விலைக்கு வாங்கி, 1960 ஜனவரியில் மூடிவிட்டது. இந்த முறை உத்தரம் முறியவில்லை.