சீலின் மேல் போட்ட பழி

பாஸ்கல் விதியை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டிப்ளமோவில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும், அவ்வளவுதான் விதி. சங்ககிரிப் பக்கம் அப்பா நடத்திய லாரிப் பட்டறையில் வாரிசாக வந்து உட்கார்ந்தபோது, இதைத் தவிர எனக்கு வேறு மூலதனம் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பதை விதியின் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

முதல் காரியமாக, கையால் அடித்துத் தூக்கும் பாட்டில் ஜாக்கியை மூலையில் போட்டுவிட்டு, காற்றில் ஓடும் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை வாங்கினேன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் போய்வரும் பக்கம் இது. அந்தக் கனத்துக்குக் கையால் பம்பு அடித்துப் பையன்களுக்குத் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. காத்து ஜாக்கி வந்ததும் அவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதை நீடிக்காமல் போனதற்கு ஜாக்கி காரணமில்லை.

இந்த ஜாக்கியில் காற்று வண்டியைத் தூக்குவதில்லை. காற்று ஒரு பம்பை ஓட்டுகிறது, தூக்குவது எண்ணெய்தான். உள்ளே பெரிய பிஸ்டன் ஒன்றைக் காற்று தள்ளும். அதன் முனையில் இருக்கும் மெல்லிய கம்பி எண்ணெயைத் தள்ளும். காற்றுப் பிஸ்டனின் விட்டம் 70 மி.மீ., கம்பியின் விட்டம் 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பரப்பளவில் ஒன்றுக்கு 76 வித்தியாசம். கம்ப்ரசரிலிருந்து 7 பார், அதாவது நூறு பவுண்டு காற்று கொடுத்தால், உராய்வைத் தள்ளி வைத்துப் பார்க்கும்போது எண்ணெயில் 530 பார் எழும். அந்த எண்ணெய் 70 மி.மீ. தண்டு ஒன்றின் அடியில் போய் நின்றால் 21 டன் வரை தூக்கும்.

கணக்கு இவ்வளவு தாராளமாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. கம்பி 20 மி.மீ. நகர்ந்தால் தண்டு கால் மில்லிமீட்டர்தான் ஏறும். நாலு அங்குலம் தூக்க ஏறக்குறைய 390 அடி அடிக்க வேண்டும். அந்தத் தடதடப்பு முழுக்க இதுதான். ஒவ்வொரு அடிக்கும் டாங்கியிலிருந்து எண்ணெயை உள்ளே விட ஒரு குண்டு வால்வு, தள்ளிய எண்ணெய் திரும்பி வராமல் தடுக்க இன்னொரு குண்டு வால்வு. இறக்குவதற்கு ரிலீஸ் வால்வு. அதைத் திறந்தால் எண்ணெய் டாங்கிக்கே போய்விடும். 1795-ல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ரிச்சர்ட் டட்ஜன் 1851-ல் அமெரிக்காவில் கையில் தூக்கிப் போகும் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு வாங்கினார். தத்துவம் அன்றைக்கு இருந்ததுதான். இதையெல்லாம் பட்டறைப் பையன்களுக்குச் சாக்பீஸால் தரையில் வரைந்தே காட்டினேன். வரைந்த கையோடு ஜாக்கி நின்றுபோனது.

வெறுமனே விட்டால் சரசரவென்று ஏறியது. சரக்கோடு ஒரு லாரியின் பின் ஆக்சிலுக்கு அடியில் வைத்தால், தொட்டவுடன் மூச்சு வாங்கியது. தடதடப்பு குறைந்து ஒரு முனகலோடு நின்றது. கம்ப்ரசரின் மீட்டரைப் பார்த்தேன், 8 பார். காற்றில் குறையில்லை, ஆகவே சீல் போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். அப்பா காலத்து மெக்கானிக் ஒருவர் இன்னும் பட்டறையில் இருக்கிறார். அண்ணா என்று கூப்பிடுவோம். அவர் பீடியை அணைத்துவிட்டு, “பிரிக்கறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துக்கலாமுங்க தம்பி” என்றார். அவருக்குப் பாஸ்கல் தெரியாதே என்று நான் பிரித்தேன்.

சீல் கிட் வாங்கி வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். அந்தச் சீல்களில் ஒன்று யூ வடிவத்தில் இருக்கும். அதன் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அப்போதுதான் எண்ணெய் உள்ளே புகுந்து உதட்டை விரித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். பிராமாவின் பிரஸ் ஒழுகாமல் நின்றதே இப்படிப்பட்ட தோல் வளையத்தால்தான். அதைச் செய்துகொடுத்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்பார்கள். இந்தக் கதை தெரிந்த நான் சீலைத் தலைகீழாக மாட்டினேன். மாட்டிய பிறகு ஜாக்கி வெறுமனேகூட ஏறவில்லை. ஒழுங்காக இருந்த உறுப்பை, செலவு செய்து கெடுத்திருந்தேன்.

அண்ணா மறுபடி பிரித்துச் சீலைத் திருப்பிப் போட்டார். பிறகு டயருக்குக் காற்றுப் பார்க்கும் மீட்டரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எடுத்தது ஒரு டீ இணைப்பும் பழைய மீட்டரும். அதை ஜாக்கியின் வாயருகே ஓஸில் பொருத்தினார். சும்மா இருந்தபோது முள் எட்டில் நின்றது. லிவரை அமுக்கியதும் நான்குக்குக் கீழே சரிந்து, அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. “காத்து அங்க எட்டு இருக்குதுங்க தம்பி. இங்க எத்தன இருக்குதுனு யாரு பாத்தா?” பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிக்கு வாங்கிய மெல்லிய சுருள் ஓஸை ஜாக்கிக்கு மாட்டியிருந்தது நான்தான். நிற்கிற காற்று முழு அழுத்தம் காட்டும். ஓடுகிற காற்று ஓஸின் விட்டத்துக்குத் தகுந்துதான் வரும். நான்கு பாரில் என் சாக்பீஸ் கணக்குப்படியே 12 டன்னுக்கு மேல் ஏறாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் நான் போட்ட எண்தான் தவறு. தடித்த ஓஸ் மாட்டியதும் அதே ஜாக்கி அதே ஆக்சிலைத் தூக்கியது. இதற்கிடையில் ஓவர்லோடு வால்வின் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமா என்று வேறு கேட்டிருந்தேன். அண்ணா பதில் சொல்லவில்லை. ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தத் திருகு கம்பெனியில் அளந்து வைத்தது. தாங்கும் அளவுக்கு மேல் தூக்கவிடாமல் நம்மைக் காப்பாற்றுவது.

அடுத்து ஆயுத பூஜை. எல்லா ஆயுதங்களையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, ஜாக்கிக்கு எண்ணெயும் ஊற்றி வைப்போம் என்று எனக்குப் பக்தி பொங்கியது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தண்டை முழுக்க மேலே ஏற்றி, மாலை போட்டு வைத்திருந்தோம். அந்த நிலையிலேயே டாங்கி மூடியைத் திறந்து விளிம்பு வரை ஊற்றினேன். பூஜை முடிந்து ரிலீஸைத் திறந்தேன். தண்டுக்கு அடியில் இருந்த எண்ணெய் டாங்கிக்குத் திரும்ப வேண்டும்; டாங்கியில்தான் இடமில்லையே. மூடி தெறித்து, புதுச் சட்டையில் எண்ணெய் அபிஷேகம். எண்ணெய் அளவு பார்ப்பதும் ஊற்றுவதும் தண்டு முழுக்க இறங்கிய நிலையில்தான். குறைந்தால் கொஞ்ச உயரத்தோடு நின்றுவிடும்; கூடினால் முழுக்க இறங்காது, அல்லது என் சட்டைக்கு வரும்.

இதைவிட மோசமானது பிரேக் ஆயில் கதை. ஒரு ராத்திரி ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்திருந்தது. பிரேக் ஆயில் டப்பா கைக்கு எட்டியது. பிரேக்கும் ஹைட்ராலிக், ஜாக்கியும் ஹைட்ராலிக். எண்ணெயில் என்ன சாதி வித்தியாசம் என்று ஊற்றிவிட்டேன். வித்தியாசம் உண்டு. சாதாரண பிரேக் ஆயில் பெயருக்குத்தான் ஆயில். அது கிளைக்கால் வகைத் திரவம். ஜாக்கியின் நைட்ரைல் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய்க்காகச் செய்தவை. சில நாளில் தண்டு ஏறவும் முரண்டு, இறங்கவும் முரண்டு. பிரித்தபோது சீல்கள் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நகம் பட்டாலே பிய்ந்தன. டாங்கியைக் கழுவி, சீல் எல்லாம் மாற்றி, 32-ஆம் நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றினோம். அப்புறமும் ஸ்பான்ஜ் மாதிரி அமுங்கியது, உள்ளே காற்று அடைபட்டிருந்ததால். ரிலீஸைத் திறந்து வைத்து, டாங்கி மூடியைத் தளர்த்திவிட்டு, பாரமில்லாமல் கொஞ்ச நேரம் பம்பை ஓட்டினால் எண்ணெய் சுற்றிச் சுற்றி வந்து காற்று வெளியேறும். இதைச் செய்தது அண்ணா. நான் டார்ச் பிடித்தேன். அதற்குத் தகுதி எனக்கு இருந்தது.

இத்தனைக்குப் பிறகு ஞானம் வந்திருக்க வேண்டும். வந்தது, தப்பான இடத்தில். காற்று வெளியேறும் துளையிலிருந்து எண்ணெய்ச் சாரல் அடித்தது. வெளியே ஒழுக்கே இல்லாமல் டாங்கியில் எண்ணெய் குறைந்துகொண்டு வந்தது. எண்ணெய்ப் பக்கத்துக்கும் காற்றுப் பக்கத்துக்கும் நடுவே கம்பியைச் சுற்றி இருக்கும் சீல் போய்விட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் நான்தான் பாடம் படித்தவனாயிற்றே. “சீல் இல்லண்ணா, ஓஸ்தான்” என்று சொல்லி இன்னும் தடித்த ஓஸ் வாங்கி வந்தேன். சீல் நன்றாக இருந்தபோது அதன் மேல் பழி போட்டவன், சீல் போனபோது அதற்கு நற்சான்று கொடுத்தேன். ஐப்பசி மழையில் கம்ப்ரசர் டாங்கியின் தண்ணீரைத் திறந்துவிட மறந்து, அந்த ஈரம் காற்றுப் பிஸ்டனில் துருவாகி மோட்டார் அசையாமல் நின்றபோதும், “மோட்டார் செத்துப்போச்சு” என்று அறிவித்தேன். அண்ணா காற்று வாயில் ஏர் டூல் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, மரச் சுத்தியால் தட்டினார். செத்தது எழுந்து ஓடியது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றை மட்டும் சிரிக்க முடியவில்லை. ஒரு வண்டியைத் தூக்கி, பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது பிரேக் டிரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சத்தமில்லை, ஒழுக்கில்லை, ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. அடியில் யாரும் இல்லை. தூக்கிய வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டாண்டு இரண்டும் சுவரோரம் அடுக்கி இருந்தன, ஏனென்றால், “அஞ்சு நிமிஷ வேலைதானே” என்று சொன்னவன் நான்.

காரணம் கடுகளவு. ரிலீஸ் வால்வின் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு உலோகத் துகள். அந்த வால்வை நானே திறந்தேன். திறந்த வேகத்தில் குண்டு தெறித்து, எண்ணெய் உறிஞ்சப் போட்டிருந்த மரத்தூளில் விழுந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் தரையைத் துழாவி, பல காலத்து இரும்புத்தூளோடு அதையும் மீட்டோம். அண்ணா அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்: ஒரு பக்கம் மயிரிழைக் கீறல். அதைத் தூக்கி எறியாமல் உட்காரும் இடத்திலேயே வைத்து, பித்தளைக் கம்பியால் ஒரே தட்டு, மெதுவாக. இடம் வட்டமாகப் படிந்தது. பிறகு அதே அளவில் புதுக் குண்டு போட்டார். சைக்கிள் கடைக் குண்டு போதுமே என்றேன். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் உட்காராது என்று மைக்ரோமீட்டரை என்னிடமே நீட்டினார். அளந்தேன். உட்காராதுதான்.

காத்து ஜாக்கி வைத்திருப்பவர்களுக்கு என் தோல்விகள் கற்றுக்கொடுத்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்கவில்லையா? ஓடும்போது ஜாக்கியின் வாயில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து, ரிலீஸ் முழுக்க மூடியிருக்கிறதா, தண்டு இறங்கிய நிலையில் எண்ணெய் இருக்கிறதா, டாங்கி மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் பம்பு எண்ணெயை இழுக்காது. இதற்கெல்லாம் காசு செலவில்லை. தூக்கி நிற்காமல் இறங்கினால் குண்டு வால்வுகளைச் சந்தேகியுங்கள். காற்றுத் துளையில் எண்ணெய் தெரிந்தாலோ, தண்டைச் சுற்றி ஈரம் கசிந்தாலோ மட்டும் சீலைத் தொடுங்கள். என்னைப் போல் பிரிப்பதில் தொடங்காதீர்கள்.

ஜாக்கி எதுவானாலும், எந்தக் கம்பெனியானாலும், அது தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு வைத்து, பாரத்தை அதன் மேல் இறக்கிய பிறகே உள்ளே கையை விடுங்கள். அஞ்சு நிமிஷ வேலையாக இருந்தாலும் ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். உங்களிடம் வேலை செய்யும் பையன்களையும் அனுப்பாதீர்கள்.