கடைசி நிமிடத்து மெய்ப்பாடுகள்: மர்மத் தொடர் முடிவை முன்வைத்து ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் நண்டு, நாரை, நொச்சி என்று ஒன்று விடாமல் ஆராய்ந்து தள்ளிவிட்டோம். ஆனால் ஒரு மர்மத் தொடரின் சீசன் யாரும் எதிர்பாராத திருப்பத்தோடு முடியும்போது சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை எந்தத் தமிழ்த் துறையும் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. இதற்கு எவரும் நிதி நல்கவில்லை. கள ஆய்வு நடந்த வீட்டில் சித்தி போட்ட வெங்காய பஜ்ஜி மட்டும் நன்றியுடன் ஏற்கப்பட்டது. அதனால் ஆய்வு முடிவுகள் எவ்வகையிலும் பாதிக்கப்படவில்லை என்று உறுதி கூறப்படுகிறது.

முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டது பிபிசி தயாரித்த ‘ஷெர்லாக்’ தொடரின் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடு. 2012 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. பார்க்காதவர்கள் “முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டாயே” என்று சண்டைக்கு வரக்கூடும். பிறர் நிலத்தை 12 ஆண்டு எதிரிடையாக அனுபவித்துவிட்டால் உரியவர்கூட வழக்குப் போட முடியாது என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். நிலத்துக்கே கெடு அவ்வளவுதான் என்றால், டிவி தொடரின் முடிவுக்கு அதைவிடக் கூடுதல் சலுகை கேட்பது நியாயமல்ல.

நடந்தது இதுதான். லண்டன் செயிண்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மொட்டைமாடி. வில்லன் மோரியார்ட்டி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். கீழே தெருவில் நிற்கும் நண்பன் டாக்டர் வாட்சனிடம் ஷெர்லாக் போனில் பேசுகிறான். நின்ற இடத்தை விட்டு நகராதே என்கிறான். போனை வீசிவிட்டுக் குதிக்கிறான். ஓடி வருகிற வாட்சனை ஒரு சைக்கிள்காரன் இடித்துத் தள்ளுகிறான். எழுந்து போய்ப் பார்த்தால் நடைபாதையில் ரத்தம். கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி இல்லை. பிறகு கல்லறை. வாட்சன் கல்லின் முன் நின்று, செத்தவனிடம் சாகாமல் இருக்கச் சொல்லிக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறான். கேமரா மெல்ல நகர்கிறது. மரங்களுக்கு இடையே ஷெர்லாக் நிற்கிறான், உயிரோடு. திரை இருள்கிறது.

இந்த இருட்டிலிருந்துதான் நம் ஆய்வு தொடங்குகிறது.

கோட்பாட்டுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலான மெய்ப்பாட்டியல் போதும். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் நான்கு, ஆகக் கூட்டினால் 32. தொல்காப்பியர் காலத்தில் டிவி இல்லையே என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: மனிதர் இருந்தார்கள், அவர்களை உட்காரவைத்துக் கதை சொல்லி, முக்கியமான இடத்தில் நிறுத்தும் கொடியவர்களும் இருந்திருப்பார்கள். உய்த்துணர்க.

முதலில் தோன்றுவது மருட்கை, அதாவது வியப்பு. அதன் நான்கு காரணங்களில் ஆக்கம் என்பது ஒன்று. ஒன்று இன்னொன்றாகத் திரிவது என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். பிணம் ஆளாகத் திரிந்ததால் இங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் மருட்கைக்கு ஆயுள் குறைவு. எழுத்துகள் ஓடத் தொடங்கும்போதே தீர்ந்துவிடும். பஜ்ஜித் தட்டு பக்கம் யாராவது கை நீட்டினால் அது முடிந்துவிட்டது என்று கொள்க. இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எல்லா விமர்சகர்களும் இதைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதுதான் ஆச்சரியம்.

கள ஆய்வு திருச்சியில், பொங்கல் விடுமுறையில், நான்கு பேர் முன்னிலையில் நடந்தது: கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா, சித்தி, கல்லூரியில் படிக்கும் சித்தி மகள், அப்பாயி. அப்பாயிக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்தி அவ்வப்போது காதோரம் சொல்லிக்கொண்டிருந்தாள். திரை இருண்டதும் முதலில் வாய் திறந்தவர் அப்பாயிதான்.

“ஏண்டி, இவன் செத்துப்போனவன்தானே? பொதச்சு கல்லெல்லாம் நட்டுட்டாங்களே!”

“அவன் சாகல அப்பாயி. நடிச்சிருக்கான்.”

“அப்ப அந்த டாக்டரு புள்ள எதுக்கு அழுதுச்சு?”

“அவனுக்குத் தெரியாதுல்ல.”

“கூடவே இருந்த புள்ளகிட்டக்கூட சொல்லலையா? இவன்லாம் ஒரு மனுசனா!”

இதற்குள் பெரியப்பா தொண்டையைச் செருமிவிட்டார். “எனக்கு அப்பவே தெரியும். அந்தக் குப்பை லாரி நின்னுச்சு பாரு, அப்பவே சொன்னேன்.”

அவர் சொல்லவில்லை. குப்பை லாரி வந்தபோது அவர் சொன்னது, “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு.” ஆனால் அவரைப் பொய்யர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் அவர் மோரியார்ட்டியை, ஷெர்லாக்கின் அண்ணனை, பிணவறைப் பெண் மாலியை, வாட்சனை, வீட்டுக்காரம்மாவைக்கூட முறைவைத்துச் சந்தேகப்பட்டிருந்தார். வரவு செலவு எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிற கருவூலப் பழக்கம். எந்த முடிவு வந்தாலும் அவர் சொன்னதுதான் வந்தது. இதற்கு ‘அனைத்து ஊக முறை’ என்று பெயரிடலாம்.

பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்களில் ஒன்று கல்வி. பெரியப்பாவிடம் கண்டது அதுவே. அறிவியலும் துணைக்கு வருகிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் பயணம் போகுமுன், இஸ்ரேலில் மாணவர்களிடம் என்னென்ன நடக்கக்கூடும், எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள் பரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள். பயணம் முடிந்தபின், அன்று என்ன எழுதினீர்கள் என்று நினைவுகூரச் சொன்னார்கள். நடந்தவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பெரும்பாலோர் நினைத்தார்கள். 1975இல் இது ஆய்விதழில் வெளியானது. அந்த மாணவர்கள் அனைவரும் நம் பெரியப்பாவின் மாணவர்கள் என்பது பெறப்படும்.

அனைத்து ஊக முறையை அமெரிக்கர்கள் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். ‘டல்லாஸ்’ தொடரில் 1980 மார்ச் 21 அன்று ஜே.ஆர். யூயிங் சுடப்பட்டான். சுட்டது யார் என்று சொல்ல நவம்பர் 21 ஆயிற்று. எட்டு மாதமும் உலகமே அதைப் பேசியது. சூதாட்டக்காரர்கள் பந்தயம் பிடித்தார்கள். ரகசியம் கசியாமலிருக்க, வெவ்வேறு பாத்திரங்கள் சுடுவதாகப் பல காட்சிகளைப் படமெடுத்து வைத்தார்களாம். கடைசியில் மைத்துனி கிறிஸ்டின்தான் சுட்டாள் என்பதை அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை கோடிப் பேருக்கு “அப்பவே தெரியும்” என்பதைக் கணக்கெடுக்காமல் விட்டது வரலாற்றுப் பிழை.

இனி வெகுளி. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் கொலையும் ஒன்று. ஷெர்லாக் விஷயத்தில் இதற்கு 1893ஆம் ஆண்டே சான்று உண்டு. அந்த டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் மூலக் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் தன் துப்பறிவாளனை மோரியார்ட்டியோடு சேர்த்து சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில் தள்ளிக் கொன்றார். இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எண் எப்படியோ, ஒரு பெண்மணி தன்னை மிருகம் என்று விளித்துக் கடிதம் எழுதியதை டாயிலே தன் வாழ்க்கை நினைவுகளில் குறிப்பிடுகிறார். மற்றவர் கொலை செய்தால் கண்டுபிடித்துத் தந்தவரை, அவரே ஒரு கொலை செய்ததும் மிருகம் என்கிறார்கள்.

அவருக்குத் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அருவியில் யாரும் உடலைப் பார்க்கவில்லை. மர்மக் கதை ரசிகர்களின் அடிப்படைச் சூத்திரத்தை இங்கே நாமே யாத்து வைக்கிறோம்:

உடலம் காணா இறப்பிறப் பன்றே.

பத்தாண்டு கழித்து 1903இல் டாயில் அவனை உயிரோடு கொண்டுவந்தார். ஜப்பானிய மல்யுத்தம் தெரியும், அதனால் மோரியார்ட்டி மட்டும் விழுந்தான் என்று காரணமும் சொன்னார். வாசகர்கள் ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். டிவிக்காரர்கள் சூத்திரம் தெரிந்தவர்கள். அதனால்தான் உடலைக் காட்டினார்கள், நாடியையும் பிடித்துக் காட்டினார்கள், கடைசியில் ஆளையும் காட்டிவிட்டார்கள். செத்தானா என்ற கேள்வியைத் தாங்களே தீர்த்து, எப்படிப் பிழைத்தான் என்ற கேள்வியை மட்டும் நம் தலையில் கட்டினார்கள். விடை வந்தது 2014 ஜனவரி 1. இடையில் 717 நாள்.

அந்த 717 நாளும் உவகை. அதன் காரணங்களில் விளையாட்டு இருக்கிறதல்லவா? தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவன் மொஃபாட், எல்லோரும் கவனிக்காமல் விட்ட தடயம் ஒன்று இருக்கிறது என்று வேறு சொல்லிவைத்தார். பிறகு கேட்க வேண்டுமா? குப்பை லாரியில் விழுந்தான் என்றார்கள். சைக்கிள்காரன் கூலிக்கு வந்தவன் என்றார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஷெர்லாக் ஒரு ஸ்குவாஷ் பந்தைச் சுவரில் தட்டி விளையாடியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதை அக்குளில் இடுக்கினால் நாடி நிற்கும் என்றார்கள். மருத்துவமனை அருகிலிருந்த சிவப்புத் தொலைபேசிக் கூண்டில், உன்னை நம்புகிறோம் என்று துண்டுச் சீட்டுகள் ஒட்டினார்கள். நம் ஊரில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற வாதத்துக்கு ஒப்பானது இது. 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் கூட்டத்தாரின் பெயரைத் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் கல்லில் வெட்டியதை நம்பாமல் நாவலை வைத்து வாதாடுகிறோம். முடிந்துபோன வழக்கில் சுவையில்லை.

பிறகு விடை வந்தது. உடன் இளிவரலும், அதாவது இழிவுணர்வும், வந்தது. புதிய எபிசோடில் மூன்று விளக்கங்கள். முதலாவதில் கயிறு கட்டிக் குதித்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மாலிக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறான். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதை ஷெர்லாக்கே சொல்கிறான்: கீழே காற்றடைத்த பெரிய மெத்தை, அவனைப் போன்ற ஒரு பிணம், அக்குளில் அந்தப் பந்து. கேட்டுக்கொண்டிருப்பவன் ஆண்டர்சன். இந்த மர்மத்தைத் தீர்க்கவென்றே சங்கம் நடத்தி, சுவர் முழுக்கக் குறிப்பு ஒட்டிவைத்திருப்பவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது என்கிறான். பிறகு, இவன் எதற்கு என்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு வந்துவிடுகிறது. விளக்கத்துக்கே விளக்கம் தேவைப்படும் நிலை. நம் துறையில் இது புதிதல்ல. உரைக்கு உரை எழுதித்தானே இத்தனை பேர் பிழைக்கிறோம்.

ஆய்வாளரின் கருத்து இது: தன் ஊகம் பொய்த்தவனுக்கு எந்த விடையும் சப்பென்றுதான் இருக்கும். ஊகம் பலித்தவனுக்கோ, இவ்வளவுதானா என்று தோன்றும். பந்தைச் சரியாகச் சொன்னவர்களும் கொண்டாடியதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு மெத்தை பிடிக்கவில்லை.

அச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் காரணங்களில் கள்வர் உண்டு. முடிவை முன்பே சொல்லிவிடுபவன் அந்த வகை. வாட்ஸ்அப் குழுமத்தில் திரிபவன். ஆனால் 2011இல் கலிஃபோர்னியாவில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்டு என்ற இருவர் அகதா கிறிஸ்டி, செகாவ் போன்றோரின் கதைகள் அடங்கிய 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு முன்பே தெரிந்தவர்கள்தாம் கூடுதலாக ரசித்தார்கள் என்று வந்தது. திருடன் நமக்கு நன்மையே செய்திருக்கிறான். இந்த முடிவைச் சித்தி மகளிடம் சொன்னபோது, அவள் அந்த ஆய்வின் முடிவையும் முன்பே சொல்லிக் கெடுத்துவிட்டதாகக் கோபித்துக்கொண்டாள்.

எஞ்சியிருப்பது அழுகை. அதன் காரணங்களில் ஒன்று இழவு. மொத்த ஆய்வில் அதை வெளிப்படுத்தியவர் அப்பாயி ஒருவரே. 717 நாளும் உலகம் ‘எப்படி’ என்று கேட்டது. அவர் கேட்டது ‘ஏன் சொல்லவில்லை’ என்பது. 2014ஆம் ஆண்டு எபிசோடில் ஷெர்லாக் ஒரு ஓட்டலில் வாட்சன் முன் வந்து நிற்கிறான். வாட்சனுக்கு எப்படிப் பிழைத்தான் என்பதில் அக்கறையே இல்லை. அடிக்கிறான். ஓட்டல்காரர்கள் வெளியே தள்ளுகிறார்கள். அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கேயும் அடிக்கிறான். அங்கிருந்தும் தள்ளுகிறார்கள். கெபாப் கடையில் மூன்றாவது அடி. டாயிலின் 1903ஆம் ஆண்டு வாட்சன் மயக்கம் போட்டு விழுந்ததோடு சரி. நூறாண்டுக்குப் பின் வந்த எழுத்தாளர்கள் அப்பாயி பக்கம் சேர்ந்துவிட்டார்கள். குப்பை லாரியைப் பிடித்துத் தொங்கிய எவரும் இந்தக் காட்சியை ஊகித்ததாகத் தெரியவில்லை. அப்பாயி ஊகிக்கவும் இல்லை, திட்டினார், அவ்வளவுதான். இந்தத் தொடரைச் சரியாகப் பார்த்தவர் அவரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

நகை விடுபட்டுவிட்டதே என்று கேட்பவர்கள், எள்ளல் காரணமாக அது கட்டுரை முழுதும் விரவிக் கிடப்பதைக் காண்க.

மேலாய்வுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டில் மர்மத் தொடர் பார்க்கும்போது, கடைசி எபிசோடுக்கு முன் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுங்கள். குற்றவாளி யார் என்று ஒரே ஒரு பெயர் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். பிரிப்பது திரை இருண்டபின். திருச்சியில் இதைத் தொடங்கினோம். பெரியப்பா கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிவிட்டார்.