ஒன்பது நிமிட உரிமை

பூகோள உருண்டையில் குறுக்கே படுத்திருக்கும் அட்சரேகைகளோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. பூமி சுற்றுகிறது. சுற்றுவதற்கு இரண்டு துருவம். இரண்டுக்கும் சரிபாதியில் நிலநடுக்கோடு. பூஜ்யம் அங்கேதான் என்று யாரும் கமிட்டி போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து டிகிரிக்கு 111 கிலோமீட்டர் வீதம் வடக்கே எண்ணிக்கொண்டே வந்தால் பதின்மூன்றில் சென்னை. எங்கள் பேட்டைக்கு வரும் பஸ்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

வம்பெல்லாம் நெட்டுக்கு நிற்கும் தீர்க்கரேகைகளில்தான். எல்லாம் ஒரே நீளம், ஒரே ஜாடை. எதை வேண்டுமானாலும் பூஜ்யம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னார்கள். நம் பழைய வானியல் சித்தாந்தக்காரர்களுக்கு உஜ்ஜயினி வழியாகப் போகும் கோடு. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாரீஸ். ஆங்கிலேயருக்கு கிரீன்விச். ஊர் ஊருக்கு ஒரு பூஜ்யம் இருந்தால் கப்பல்காரன் எந்தப் படத்தை நம்பிப் போவான்?

1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடின. அதற்குள் பெரும்பாலான கப்பல்கள் கிரீன்விச் படத்தைத்தான் வைத்திருந்தன. 22 நாடுகள் கிரீன்விச்சுக்குக் கை தூக்கின. சாண்டோ டொமிங்கோ எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. பிரான்ஸ், பந்தியில் முதல் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு, 1911 வரை பாரீஸ் நேரத்தையே வைத்துக்கொண்டது. கடைசியில் இறங்கிவந்து சட்டம் போட்டபோதும் கிரீன்விச் என்ற பெயர் வாயில் வரவில்லை. நாட்டின் நேரம், பாரீஸ் நேரத்துக்கு 9 நிமிடம் 21 விநாடி பின்தங்கியதாக இருக்குமாம்! வீம்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

இவ்வளவு அடிதடிக்குப் பிறகு கிடைத்த அந்தக் கோட்டைப் பார்க்க என் சகலை லண்டன் போனார். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, கிழக்கில் ஒரு கால் மேற்கில் ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த சாக்லேட்டைத் தின்று முடிக்கும் வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கோட்டில் நின்று செல்போனைப் பார்த்தால் பூஜ்யம் காட்டாது, மேற்கு 0.0015 டிகிரி என்று காட்டும். செயற்கைக்கோள் கணக்குப்படி பூஜ்யம் இன்னும் 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து வானியலாளர்கள் அந்த இடத்துப் புவியீர்ப்பு காட்டிய திசையைச் செங்குத்து என்று நம்பி அளந்தார்கள்; அது அங்கே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோளோ பூமியின் மையத்திலிருந்து அளக்கிறது. "அப்போ என் ரெண்டு காலும் மேற்கிலயா?" என்றார் சகலை. ஆமாம் என்றேன். அந்தப் படத்தை இன்னும் வாட்ஸப்பிலிருந்து எடுக்கவில்லை.

தீர்க்கரேகையால் எனக்கும் ஒரு லாபம் உண்டு என்று நினைத்திருந்தேன். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82½ டிகிரியை வைத்து. சென்னை இருப்பதோ 80¼-இல். ஆக, சூரியன் சென்னைக்கு ஒன்பது நிமிடம் தாமதமாகத்தான் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நியாயம் மதிக்கப்பட்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானியல் ஆய்வுக்கூடத்தை வைத்து மெட்ராஸ் டைம் என்றே தனியாக ஒன்று இருந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தி. அதைப் பார்த்து ரயில்கள் ஓடின. 1906-இல் இந்திய நேரம் வந்து நம் ஒன்பது நிமிடத்தை விழுங்கிவிட்டது.

ஆபீசுக்கு ஒன்பது நிமிடம் லேட்டாகப் போன ஒரு நாள் இதை மேனேஜரிடம் எடுத்துச் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் கோயமுத்தூர். எழுபத்தேழு டிகிரி. "அப்படிப் பார்த்தா எனக்கு இருபத்திரண்டு நிமிஷம் வரணும் சார்" என்று அவரும் மனுப் போட்டார்.

மேனேஜர் கோபப்படவே இல்லை. பேனாவை மூடினார்.

"நியாயந்தான். இனிமே நீங்க காலையில ஒன்பது நிமிஷம் லேட்டா வரலாம். அவர் இருபத்திரண்டு. அதே சூரியன் சாயங்காலமும் லேட்டாத்தானே போவான்? நீங்க ஆறு ஒன்பதுக்குக் கிளம்புங்க, அவர் ஆறு இருபத்திரண்டுக்கு."

கோயமுத்தூர்க்காரருக்கு ஆறு பத்துக்கு லோக்கல் ட்ரெயின்.