எண்ணெய்க் குப்பிய எட்ட வை, மாப்ளே

ஏர் கன் வாங்கிட்டியாமே மாப்ளே, ரொம்ப சந்தோசம். மாட்டுக்கொட்டாயில ஓடு பறந்து ஆறு மாசமாகுது, அது கெடக்கட்டும். துப்பாக்கி இல்லாம ஒரு சம்சாரி எப்படி வெள்ளாம பாக்க முடியும்? வாங்குன மறுநாளே அதுக்கு நோவு கண்டுருச்சுன்னு எங்க அக்கா சொல்லுச்சு. சுட்டா புகை வருதாம், வெடிச்சத்தம் கேக்குதாம், அஞ்சு ரவை அஞ்சு திக்குல போகுதாம். நீயும் வைத்தியம் பாத்திருக்க. தையல் மிஷின் எண்ணெய எடுத்து ஓட்டையில விட்டிருக்க. எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துறதுன்னு ஊருல சும்மா பேச்சுக்குச் சொல்லுவாக. நீ நெசமாவே செஞ்சு காட்டிட்ட.

தோட்டத்து டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கு எங்கயாச்சும் பாத்திருக்கியா? கெடையாது. காத்த அமுக்குற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கிடும். ஒன் துப்பாக்கிக்குள்ள நடக்குறதும் அதேதான். குழல மடக்குனா ஸ்பிரிங் சுருங்கி பிஸ்டன் பின்னால போயி மாட்டிக்கிடும். விசைய அமுக்குனா பிஸ்டன் முன்னால பாஞ்சு காத்த நெரிக்கும். அந்தக் காத்து ஊசித் துவாரம் வழியா வந்து ரவையத் தள்ளும். துரு ஏறாம இருக்கட்டும்னு கம்பெனியில பூசி அனுப்புன எண்ணெயும் கிரீசும் அந்தச் சூட்டுல மாட்டுனா பத்திக்கிடும். அதான் ஒனக்குப் புகை, சத்தம் எல்லாம். முதல் சில நூறு ரவை போறதுக்குள்ள தானா அடங்கிரும். நடுவுல நீ எண்ணெய் விட்டா சத்தம் இன்னும் கூடும். தெருவே திரும்பிப் பாக்கும், ஒனக்கும் நெஞ்சு நிமிரும். உள்ள பிஸ்டன் முனையில இருக்குற வாஷர் கருகி, ஸ்பிரிங் ஒடியும்.

எங்க காலத்துத் துப்பாக்கிக்குத் தோல் வாஷர். அது காஞ்சு போகாம எப்பவாச்சும் ரெண்டு சொட்டு கேக்கும். ஒன்னுது அந்தத் தோல் இல்ல, அதுக்கு ஒண்ணும் வேண்டாம். எண்ணெய் விட்டே தீருவேன்னு கை அரிச்சா, குழல் மடங்குற கீல்ல ஒரு சொட்டு விடு. சுட்டு முடிச்சு வைக்கிறப்ப வெளி இரும்ப எண்ணெத் துணியால துடை, கை வேர்வைக்குத் துரு ஏறும். புதுக் குழலுக்குள்ள பிசுக்கு இருக்கும். ரவை போடுற பக்கமிருந்து துண்டுத் துணிய விட்டு, சுத்தமா வர்ற வரைக்கும் இழு. அப்புறம் அதை மறந்துரு. மெத்துன ஈயம் ஓடுற குழல தெனம் தேய்க்க வேண்டியதில்ல.

இப்ப குறி தப்புற கதைக்கு வர்றேன். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில பலூன் கடையில ஒக்காந்து பொழுது போக்குனவன் நான். சில கடையில முன்குறிய லேசாத் தட்டி வளச்சு வச்சிருப்பான். நீ ஒத்தக் கண்ண மூடி, மூச்சப் புடிச்சு, பக்கத்துல நிக்கிற பிள்ளைகளையும் ஒரு பார்வை பாத்துட்டுச் சுடுவ. ரவை பலூனுக்குப் பக்கத்துச் சாக்குல போயி சொருகும். ஒன் துப்பாக்கிய யாரும் வளைக்கல, அதுக்கு வேற சீக்கு. ஸ்பிரிங் துப்பாக்கி ரெண்டு தடவை உதறும். பிஸ்டன் கெளம்புறப்ப பின்னால ஒண்ணு, அது போயி முட்டி நிக்கிறப்ப முன்னால ஒண்ணு. அந்த உதறல்ல கட்டையப் புடிச்சிருக்குற திருகெல்லாம் கழண்டுக்கிட்டே வரும். முன்பக்கம் ரெண்டு பக்கமும் இருக்குறத முதல்ல பாரு, அப்புறம் விசைக்குப் பக்கத்துல உள்ளதப் பாரு. சுட ஒக்காரும் முன்ன திருப்புளிய எடு. பதமா இறுக்கு. ஒன் பலத்தையெல்லாம் காட்டுனா கட்டை நசுங்கும். மேல மாட்டுன தொலைநோக்கியும் ஏர் கன்னுக்குன்னே செஞ்சதா இருக்கணும். மத்ததுக்கு முன்பக்க உதறல் தாங்காது.

அப்புறம் நீ புடிக்கிற புடி. ரவை குழல விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே துப்பாக்கி அசைய ஆரம்பிச்சிரும். அது எப்பவும் ஒரே மாதிரி அசையணும்னா இறுக்காத, உள்ளங்கையில சும்மா கெடத்து. மொட்டைச் செவுத்து மேல வச்சுச் சுட்டா ரவை வேற எடத்துல படும். கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர்ல சுடுற மாதிரி வரலியேன்னு எங்க அக்காகிட்டப் பொலம்புனியாமே? அந்தப் பிள்ளை கையில இருக்குறது முன்கூட்டியே காத்த அடைச்சு வச்ச துப்பாக்கி. அதுல இந்த உதறல் இல்ல. மத்த வித்தியாசத்தை நான் சொன்னா நீ கோவிச்சுக்கிடுவ.

கூட்டாளிக முன்னால ரவை போடாமச் சுட்டுக் காட்டுனதும் என் காதுக்கு வந்துச்சு. ரவை இருந்தாத்தான் முன்னால காத்து தேங்கி, பிஸ்டனுக்கு மெத்தையா நிக்கும். ரவை இல்லேன்னா பிஸ்டன் நேரா இரும்புல மோதும். ரவை போடுறப்ப ஒரு கையால குழலக் கெட்டியாப் புடிச்சுக்கோ. நழுவுனா வெரலுக்கு உத்தரவாதமில்ல. மடக்குன குழலோட விசையத் தொட்டா குழலே மேல்பக்கம் வளஞ்சிரும், அப்ப பலூன் கடைக்காரன்தான் ஒனக்குக் கூட்டு.

வேகம் கொறையுதுன்னு தோணுனா ஸ்பிரிங்கு மேல பழி போடாத. குழலும் ஒடம்பும் சேருற எடத்துல மெல்லிசான காகிதத் துண்டு ஒண்ணை வச்சுச் சுடு. காகிதம் பறந்தா அங்க இருக்குற சின்ன வளையம் தேஞ்சிருக்கு, மாத்து. பின்மூடியக் கழட்டி உள்ள பாக்கப் போறேன்னியாமே? மடக்காம வச்சிருந்தாக்கூட அந்த ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். அதை அமுக்கிப் புடிக்கிற சாதனம் இல்லாமக் கழட்டுனா மூடி நேரா ஒன் மூஞ்சிக்கு வரும். ஒனக்கு இன்னும் பொண்ணு பாத்து முடியல.

4.5 மில்லிமீட்டருக்கு உள்ள, 20 ஜூலுக்கு மேல போகாதுன்னா 2016 ஆயுத விதிப்படி லைசன்ஸ் வேண்டாம்னு கடைக்காரன் சொன்னது சரிதான். அது துப்பாக்கிக்கு. பருத்திக் காட்டுல நிக்கிற மயிலுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வனத்துறைக்காரன் வந்தா நான் ஒனக்கு மாமனே இல்ல. டின்ன அடுக்கு, பின்னால மண்ணக் குவி, சுடு. ஈயத்தத் தொட்ட கையக் கழுவிட்டுச் சாப்புடு.

ஞாயித்துக்கிழமை துப்பாக்கியத் தூக்கிட்டு வா, திருக நான் பாத்துத் தர்றேன். ரவை டப்பாவ நெறச்சுக் கொண்டா. சரியாயிருச்சான்னு நாலு ரவை சுட்டுப் பாக்க வேண்டாமா?