வேண்டியதும் கூடியதும்: பீளமேட்டுப் பெயரெச்சங்களில் கடமை தங்கும் இடம் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஒரு பஸ் எட்டு மணிக்கு வர வேண்டுமானால், முதலில் 'தி பஸ்' என்று பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அடுத்து 'தட்' என்று ஒரு கொக்கி. அதில் 'ஷுட்' என்று கடமையை மாட்டி, பிறகுதான் வருகையைப் பற்றிப் பேச முடியும். வராத பஸ்ஸைக் குறைசொல்லவே பஸ் முதலில் வந்தாக வேண்டிய மொழி அது. கோயம்புத்தூர்ப் பீளமேட்டின் ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. 'எட்டு மணிக்கு வரவேண்டிய பஸ்' என்கிறார்கள். மணி முதலில் வருகிறது, கடமை அடுத்து வருகிறது, பஸ் கடைசியில்தான் வருகிறது. சொற்றொடரின் வரிசையும் நிறுத்தத்தின் நடப்பும் இவ்வளவு ஒத்துப்போகும் மொழி வேறொன்று இருப்பதாக இந்த ஆய்வாளர் அறியவில்லை.

ஆங்கிலத்தின் மேல் முழுப் பழியும் போட முடியாது. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்ற ஒன்பது துணைவினைகளுக்கும் எச்ச வடிவமே கிடையாது. முற்றாக நிற்குமே தவிர, பெயருக்கு முன்னால் போய்ப் பணிந்து நிற்காது. ஆகவே 'ஹூ', 'விச்', 'தட்' என்று இடைத்தரகர் வைத்தே பெயரோடு பேச வேண்டியிருக்கிறது. திராவிட மொழிகளில் அப்படிப்பட்ட தரகர் இல்லை, பெயரெச்சமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் விளக்கியிருக்கிறார். தரகு இல்லாமல் காரியம் முடிவது தமிழ்நாட்டில் இலக்கணத்தில் மட்டும்தானா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதல் முடிவு காலத்தைப் பற்றியது. 'வேண்டிய', 'கூடிய', 'தக்க' மூன்றின் வடிவத்தையும் பாருங்கள்: 'ஓடிய', 'பாடிய', 'புக்க' போல அச்சு அசலான இறந்தகாலம். நடக்காத ஒன்றுக்கு நடந்து முடிந்ததன் சட்டை. இது தமிழரின் தனிக்குணம் என்று மகிழ்வதற்குள் ஆங்கிலம் குறுக்கே வருகிறது. 'ஷுட்' என்பதும் 'ஷல்'லின் இறந்தகாலமாக இருந்ததுதான். 'மஸ்ட்' பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம். 'ஆட்' என்பதோ கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் 'ஓ' என்ற வினையின் இறந்தகாலம். ஆக, கடமை என்பது எந்த ஊரிலும் நேற்றே முடித்திருக்க வேண்டியது. இன்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டு மட்டுமே இருக்கிறோம். அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு எழும்பிய மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் 'வரவேண்டிய பாலம்' என்றே பீளமேட்டில் வழங்கியது. 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரோடு அது திறக்கப்பட்டு 'வந்த பாலம்' ஆனது. காலத்தில் மாற்றமே இல்லை. துணைவினை மட்டும் உதிர்ந்தது. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். 'வரவேண்டிய'வற்றை 'வந்த'வையாக மாற்றுவதில் அவருக்கு முன்னனுபவம் இருந்தது.

இரண்டாம் முடிவு பணத்தைப் பற்றியது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்பது இலக்கணம்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். தொல்காப்பியரும் ஆறே சொன்னார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி நன்னூல் எழுதிய பவணந்தியாரும் ஆறோடு நிறுத்தினார். (பவணந்தியாருக்குப் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் சொந்த ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவதுண்டு. அந்த உரிமைக் கொண்டாட்டத்தில் இந்த ஆய்வாளரும் பங்காளி.) ஓட்ட வேண்டிய டிரைவர், ஓட்ட வேண்டிய வண்டி, ஓட்ட வேண்டிய ரோடு, ஓட்ட வேண்டிய நேரம் என்று எல்லாம் பொருந்துகிறது. ஆனால் பட்டியலை மறுபடி எண்ணிப் பாருங்கள். வாங்கிக்கொள்பவர் அதில் இல்லை. தொழில் நடப்பதற்கு வேண்டியவை எட்டு என்று வேறோரிடத்தில் தொல்காப்பியர் எண்ணும்போது 'இன்னதற்கு' என்று வாங்கிக்கொள்பவருக்கும் ஓர் இடம் தருகிறார். பெயரெச்சத்துக்கு வரும்போது அந்த ஆள் காணாமல் போகிறார். பாக்கி வரவேண்டியவரை இலக்கணமே கணக்கில் சேர்க்காத ஊரில், பில் பாஸாகத் தொண்ணூறு நாள் ஆவது வியப்பா?

இதன் விளைவைப் பீளமேட்டு ஜாப் ஆர்டர் பட்டறைகளில் கண்கூடாகப் பார்க்கலாம். வாசலிலிருந்து பையன் உள்ளே குரல் கொடுக்கிறான்: "அண்ணா, பணம் கொடுக்க வேண்டிய ஆளு வந்திருக்காருங்!" லேத்துக்குப் பின்னால் இருக்கும் முதலாளி இப்போது முடிவெடுக்க வேண்டும். வந்திருப்பவர் நமக்குக் கொடுக்க வேண்டியவரா, நாம் கொடுக்க வேண்டியவரா? முதலாவதானால் கையைத் துடைத்துக்கொண்டு முன்வாசல், இரண்டாவதானால் பின்வாசல். பெயரெச்சம் வாயைத் திறக்காது. ஆங்கிலத்தில் 'ஹூ' என்றால் முன்வாசல், 'டு ஹூம்' என்றால் பின்வாசல் என்று சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பொந்து உண்டு. துணைவினையையும் தரகரையும் சேர்த்தே துரத்திவிட்டு 'தி மேன் டு பே' என்று சுருக்கிச் சொன்னால் வெள்ளைக்காரப் பட்டறைக்காரரும் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து 'லாம்'. வேண்டும் என்பதற்கு வேண்டிய, கூடும் என்பதற்குக் கூடிய, முடியாது என்பதற்கு முடியாத, மாட்டார் என்பதற்கு மாட்டாத என்று பல துணைவினைகளுக்கும் பெயரெச்சம் பிறக்கிறது. 'லாம்' வாரிசு இல்லாதது. 'செய்யலாம் வேலை' என்று எவரும் சொன்னதில்லை. எந்தப் பெயருக்கு முன்னாலும் அது போய் நிற்காது. எந்தப் பொருளோடும் எந்த ஆளோடும் ஒட்டாது. வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கும். பீளமேட்டில் மிகுதியாக வழங்கும் வாக்குறுதி 'பாத்துக்கலாமுங்க' என்பதாக இருப்பதற்கு இதைவிட வலுவான இலக்கணக் காரணம் வேண்டியதில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தவர் 'கட்ட வேண்டிய மோட்டார்' என்பார். அந்தச் சொல்லில் மோட்டார் மாட்டிக்கொண்டது. கடைக்காரர் 'பாத்துக்கலாமுங்க' என்பார், எதுவும் மாட்டவில்லை. 'லாம்' பெயரோடு சேர வேண்டுமென்றால் 'ங்கற' என்பதைத் துணைக்கு அழைக்க வேண்டும். அப்போதும் 'பாத்துக்கலாம்ங்கற ஆளு' என்று அது மனிதரின் சுபாவத்தைச் சொல்லுமே தவிர, மோட்டார் வெளியிலேயே இருக்கும்.

இதில் மரியாதைக்கும் பங்குண்டு. கொங்குத் தமிழின் உயிர்நிலையான 'ங்க' வினைமுற்றில் ஒட்டும், பெயரில் ஒட்டும், 'ஏன்' என்ற கேள்வியில்கூட ஒட்டும். பெயரெச்சத்தில் ஒட்டாது. 'தரவேண்டியங்க பணம்' என்று சொல்லிப் பாருங்கள், பேக்கரியில் டீ குடிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 'தரோணுமுங்க' என்பதில் உள்ள குளிர்ச்சி 'தரவேண்டிய' என்று ஆனதும் போய்விடுகிறது. 'ஓணும்' என்ற சுருக்கமும் போய், பள்ளிக்கூடத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மரியாதை தெரிந்தவர்கள் கடமையைப் பெயருக்கு முன்னால் வைக்கத் தயங்குவது இதனால்தான்.

அலுவலகங்கள் இந்தத் தயக்கத்தை வேறு வழியில் தீர்த்துவிட்டன. 'டூ தி நீட்ஃபுல்' என்று வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற தொடரும், 'ஆவன செய்யுமாறு' என்று மனுக்களில் நாம் எழுதும் தொடரும் ஒரே சாதி. செய்ய வேண்டியது எது, செய்ய வேண்டியவர் யார், எப்போது என்பவை எல்லாம் இரண்டிலும் ஆவியாகிவிடுகின்றன. இதைப் பற்றி நீட்டுவானேன். மனு கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

தீர்க்கப்படாத சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. 'வேண்டிய' என்பது தனியாக நின்றால் கடமையை உதறிவிட்டுப் பாசத்தைப் பிடித்துக்கொள்கிறது. "அவரு நமக்கு ரொம்ப வேண்டியவருங்க" என்றால் அவர் எதுவும் தரவேண்டியதில்லை, நெருங்கியவர், அவ்வளவுதான். 'வேண்டாதவர்' அதற்கு நேர் எதிர். இரண்டு பொருளும் தனித்தனியாக இருக்கும்வரை வணிகம் நடக்கும். பணம் தரவேண்டியவரே நமக்கு வேண்டியவராகவும் இருந்துவிட்டால் எந்த வாசல் என்று தொல்காப்பியரும் சொல்லவில்லை, பவணந்தியாரும் சொல்லவில்லை. பட்டறை முதலாளிகளைக் கேட்டால், முதலில் டீ சொல்லிவிடுவதாகச் சொல்கிறார்கள்.